ஓட்டைக் காலணா

"ஓட்டைக் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்ல!" செமஸ்டர் ரிசல்ட் வரும்போது நம்மில் பலர் வீட்டில் கேட்ட வசனம்தான். அந்தக் காலணாவை எத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்திருக்கோம்?

இரண்டாம் உலகப் போர் சமயம். செம்புக்குத் தட்டுப்பாடு. அதனால் 1943-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு காலணாவைச் சின்னதாக்கி, நடுவில் பெரிய ஓட்டையும் போட்டு வெளியிட்டது. வெண்கலக் காசு. குறுக்களவு 21 மில்லிமீட்டர் சொச்சம். 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். பார்த்ததும் நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு என்ன தோணும்? வாஷர்! அந்தக் காலத்து ஆட்களுக்கும் அதேதான் தோணியிருக்கு.

எங்கள் வீட்டில் தாத்தா தன் கையால் செய்த மரக்கட்டில் ஒன்று உண்டு. ரொம்ப ஆடுதுன்னு போன லீவில் நட்டைக் கழற்றினேன். போல்ட் முழுக்கத் துரு. அதில் கோத்திருந்த வட்டம் மட்டும் லேசாகப் பச்சை படிந்து அப்படியே இருந்தது. துடைத்தால் ஒரு கிரீடம், கீழே 1944. நாலு காலிலும் நாலு காலணா!

ஆயாவிடம் கேட்டேன். "நயா பைசா வந்தப்புறம் கடைக்காரன் இதை வாங்கல. வாஷர் வாங்கவும் கையில காசு இல்ல. உங்க தாத்தா இதையே மாட்டிட்டாரு" என்றார். நயா பைசா வந்தது 1957-இல். அரசாங்கம் கொடுத்த மதிப்பு போன பிறகும் உலோகம் தன் வேலையை விடலை. போல்ட் மரத்துக்குள் இறங்காமல் சுமையைப் பரப்பணும், அவ்வளவுதானே வாஷருக்கு வேலை?

விஷயம் தெரிந்ததும் சித்தப்பா ஒரு வீடியோவோடு வந்துட்டார். பழைய காசுக்கு லட்சக்கணக்கில் விலையாம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டணுமாம். இந்த மாதிரி மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருப்பதைக் காட்டினேன். நல்லவேளை, பணம் அனுப்பலை. "சரி, கழட்டி ஃபிரேமாவது போடுவோம்" என்றார்.

எனக்கு மனசு வரலை. ஃபிரேமுக்குள் போனால் அது செல்லாக் காசு. கட்டிலில் இருக்கும்வரை அது தாத்தாவின் வேலை. அவர் கையால் செய்ததில் மிச்சம் இருப்பது அந்தக் கட்டில் ஒன்றுதான்.

போல்ட்டை மட்டும் புதுசாக மாற்றினேன். காலணாக்களைத் திரும்ப அதே இடத்தில் கோத்து இறுக்கியாச்சு. கட்டில் இப்போ ஆடலை. ஆயா அதில்தான் படுக்கிறார்.