கபாலி என்று ஒரு பெயர்

என் முழுப் பெயர் கபாலீஸ்வரன். வீட்டில் கபாலி. மயிலாப்பூர் பக்கம் என் வயதுக்காரர்களில் தெருவுக்கு ஒரு கபாலியாவது இருப்பான்.

பள்ளிக்கூடம் வரை தொல்லை இல்லை. கல்லூரியில்தான் வினை வந்தது. அந்தக் காலத்துச் சினிமாவில் கட்டம் போட்ட லுங்கியோடு வருகிற அடியாளுக்குப் பல சமயம் கபாலி என்றுதான் பெயர். நண்பர்கள் வில்லன் குரலில் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். வேலையில் சேர்ந்ததும் பெயரின் தலையை வெட்டி வெறும் 'ஈஸ்வரன்' ஆகிவிட்டேன்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "பிரம்மாவுக்கு அஞ்சு தலை. கர்வம் வந்தது. ஒண்ணைக் கிள்ளி எடுத்து, அந்த மண்டையோட்டையே ஏந்திப் பிச்சைக்குப் போனார். கபாலம் ஏந்தினதால கபாலி. லோகத்துக்கே படியளக்கிறவர் கையில ஓடு. இதைவிட அடக்கமான பேர் உண்டாடா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பட்டினப்பாக்கத்தில் குடியேறினேன். ஒருநாள் காலை கடற்கரையில் நடக்கும்போது, "டேய் கபாலி!" என்று ஒரு குரல். சட்டென்று திரும்பினேன். மீன் விற்கிற அம்மா, வலை உதறிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டிருக்கிறார்.

"உன் பேரும் அதானா சார்? கடலுக்குப் போற புள்ள. அவரு பேரை வெச்சா அவரு பாத்துக்குவாரு" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சினிமா அடியாள் பாதிச் சாக்குதான். குப்பத்துப் பெயர் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் மீதி. ஆனால் பழைய கோயிலே கடற்கரையில்தான் இருந்தது, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்த பிறகே இப்போதுள்ள இடத்தில் கட்டினார்கள் என்பார்கள். சம்பந்தரும் மயிலைப் பதிகத்தில் மாசிக் கடலாட்டைச் சொல்கிறார். அப்படியென்றால் மாட வீதிக்கு வருவதற்கு முன்பே அவர் கடலோரத்துக்காரர். நான்தான் அவர் பெயரில் மேல் கீழ் பார்த்தேன்.

2016இல் ரஜினியின் 'கபாலி' வந்தபோது, "தாத்தா, உங்க பேர்ல படம்!" என்று பேரன் குதித்தான். அதைக் கேட்க அப்பா இல்லை.

போன வாரம் மருந்துக் கடையில் பெயர் கேட்டார்கள். நிமிர்ந்து நின்று "கபாலி" என்றேன்.

"எந்தக் கபாலி சார்? எங்ககிட்ட நாலு பேர் இருக்காங்க" என்றான் கடைப் பையன்.