ஆயா தட்டிப் பார்த்த பத்துக் கல்

எங்கள் ஊர் கூரம், காஞ்சிபுரத்துக்குப் பக்கம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று பெருமாள் பக்தர்கள் தேடி வருவார்கள். சரித்திரம் படிப்பவர்களோ முதலாம் பரமேஸ்வரவர்ம பல்லவன் காலத்துச் சிவன் கோயிலைப் பார்க்க வருவார்கள். 7-ஆம் நூற்றாண்டுக் கோயில் அது. பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். தமிழ்நாட்டில் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில்களில் மிகப் பழையவற்றில் ஒன்று.

இந்த ஊரில் ஏழாவது படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். பத்து விதமான கல் சேகரிக்க வேண்டும். அவற்றைத் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று பிரித்துக் காட்ட வேண்டும். தெருவெல்லாம் அலைந்து ஒரு பை நிறையக் கொண்டு வந்துவிட்டான். எது என்ன என்றுதான் புரியவில்லை. செல்போனில் படம் தேடினால் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது என்றான்.

திண்ணையிலிருந்து, “இங்க கொண்டாடா கண்ணு” என்றார் என் மாமியார்.

அத்தைக்குச் சர்க்கரை நோய். இரண்டு வருடமாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. போன பார்வை திரும்பாது, லேசர் வைத்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “இனிமே பார்த்து இன்னா ஆவப்போவுது?” என்று அத்தை ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டார். திண்ணையே கதி என்று ஆகி, பேச்சும் குறைந்துபோயிருந்தது. அவரே கூப்பிட்டதும் எனக்கு ஆச்சரியம்.

அத்தையின் அப்பா கல் கொத்துகிற வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, உளிச் சத்தத்திலேயே வளர்ந்தவர் அத்தை.

முதல் கல்லை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். இரும்புக் கரண்டிக் காம்பால் தட்டினார். கணீரென்றது. “கருங்கல்லு. அம்மி, ஆட்டுக்கல்லு, உரலு எல்லாம் இதான். நல்ல கல்லு மணி மாதிரி பேசும். உள்ள விரிசல் இருந்தா செத்த சத்தம் வரும்” என்றார். சிற்பிகளும் இப்படித்தான் தட்டிப் பார்த்து, நாதத்தை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்களாம்.

பாடப்புத்தகத்தைப் பிரித்தோம். பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகினால் கிரானைட். பாகை ஆற விட்டால் கற்கண்டு பெரிது பெரிதாகக் கட்டுமே, அது போல. உடைந்த பக்கத்தை வெயிலில் காட்டினால் கண்ணாடி மாதிரி ஒரு பொடி, வெள்ளையில் ஒன்று, மினுக்கும் காக்காப்பொன் என்று தனித்தனியாகத் தெரிகிறது. இது தீப்பாறை.

அடுத்த கல்லை விரலால் தேய்த்ததும் மணல் உதிர்ந்தது. “மணல்கல்லு. இதுல அம்மி செஞ்சா சட்னியில மண்ணுதான் இருக்கும்” என்று சிரித்தார். தண்ணீரும் காற்றும் கொண்டு வந்து சேர்த்த மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது அது. படிவுப்பாறை.

கறுப்புப் பலகைத் துண்டு ஒன்று வந்தது. “எலுமிச்சம்பழம் கொண்டா” என்றார். கீறின இடத்தில் பிழிந்ததும் பொடிப்பொடியாக நுரை வந்தது. கடப்பா கல்! அது சுண்ணாம்புக்கல் வகை, அதுவும் படிவுப்பாறை. சமையல் மேடையில் புளியோ எலுமிச்சையோ பட்ட இடம் வெளுத்துப்போவதற்குக் காரணம் இதுதான். கிரானைட் மேடையில் அப்படி ஆகாது. பளிங்குத் துண்டிலும் நுரை வந்தது. சுண்ணாம்புக்கல்லே பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறிப் பளிங்காகிறது. சூளையில் வைத்த களிமண் உருகாமலே வேறு பொருளாகிவிடுவதைப் போல. அதனால் பளிங்கு உருமாறிய பாறை. பழைய சிலேட்டுத் துண்டும், நகத்தால் கீறினாலே கோடு விழுந்த கல்சட்டிக் கைப்பிடியும் அதே கூட்டத்தில் சேர்ந்தன.

தகராறு செய்தது செம்புறாங்கல்தான். மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து, மற்றதெல்லாம் கரைந்துபோய், இரும்புச் சத்து மிஞ்சி இறுகியது அது. மூன்று கட்டத்திலும் சுலபமாக அடங்காது. பல்லாவரத்தில் இந்தச் செம்புறைச் சரளையில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருநீலக் கல்லுக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருப்பதும் அந்த வகைக் கல்தான் என்பதால், 1893-இல் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே வைத்தார். அது தீப்பாறையா, உருமாறிய பாறையா என்று அறிஞர்களே நெடுநாள் விவாதித்தார்களாம். “அப்போ எனக்குக் குழம்பினா தப்பில்லம்மா” என்றான் மகன்.

புத்தகம் கல்லை அது பிறந்த விதத்தை வைத்துப் பிரிக்கிறது. அத்தை, அது எந்த வேலைக்கு ஆகும் என்று பிரித்தார். பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுவரைத் தொடக் கூடாது என்பதால் அத்தை புல்தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். “நீ பார்த்துச் சொல்லு, நான் கேக்குறேன்” என்றார்.

“கீழ் வரிசை நல்லா இருக்கு ஆயா. மேல யாளி முகமெல்லாம் கரைஞ்ச மாதிரி இருக்கு.”

“கீழ கருங்கல்லு. பாரமும் ஈரமும் அதுதான் தாங்கும். மேல மணல்கல்லு. மெத்துனு இருக்கும், உளிக்குச் சொன்னபடி கேக்கும். ஆனா மழைக்குத் தாங்காது. ராசா ரெண்டையும் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்.”

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அத்தை என் கையைத் தட்டினார்.

“அந்த லேசருக்கு என்னைக்கு வரச் சொன்னாங்கம்மா?”

நான் எதுவும் கேட்கவில்லை. தேதியை மட்டும் சொன்னேன். இதுவரை இரண்டு முறை போய் வந்துவிட்டோம். இருக்கிற பார்வை இருக்கிறபடியே நிற்கிறது என்கிறார் டாக்டர்.

இப்போது சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் கல்லோடு எங்கள் திண்ணைக்கு வருகிறார்கள். செங்கல் துண்டைக் கொடுத்து ஏமாற்றப் பார்க்கும் வாண்டுகளும் உண்டு. “இது சூளையில சுட்டதுடா, எடுத்துக்கினு போ” என்று தட்டிப் பார்க்காமலே திருப்பி அனுப்புகிறார் அத்தை.