அம்மாயியும் ஒப்பந்தங்களும்

தோழியரே, ஒப்பந்தம் என்றால் நமக்கு அது ஓர் இரண்டு மதிப்பெண் வினா. ஆண்டு, இடம், கையொப்பமிட்டவர் பெயர் ஆகியவற்றை மனப்பாடம் செய்துவிட்டால் போதும். எங்கள் வீட்டிலோ, யார் எங்கே பிறந்தார்கள், ஏன் அங்கே பிறந்தார்கள் என்பதற்கே ஒப்பந்தங்களைக் கொண்டுதான் விடை சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேனா விளக்கு, அழியாநிலை என்னும் ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் வளர்ந்தவள் நான்.

இலங்கைப் போர் என்றவுடன் சிங்களவருக்கும் தமிழருக்கும் நடந்த சண்டை என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. ஒரு வீட்டின் சண்டைக்குள் எத்தனை ஊரார் நுழைந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நிறைவு பெறும். அவர்களுள் வெறுங்கையோடு வந்தவர் எவருமில்லை என்பது என் எண்ணம்.

முதலில் என் அம்மாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாயியின் பாட்டனார் திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கங்காணியோடு கப்பலேறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அம்மாயி 1950-இல் அட்டன் அருகே ஒரு லயத்தில் பிறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிவிட்டிருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று புது தில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதியுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைப்பதைப் போல மனிதரைக் கூறு கட்டினார்கள். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டுக்கொண்டார்கள்.

அம்மாயியின் தகப்பனார் இந்தியாவுக்கு என்று மனுக் கொடுத்தார். மனு நிலுவையில் இருந்தபோதே 1977-இல் கலவரம் வந்தது. லயத்தை விட்டு வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். என் அம்மா அங்கேதான் பிறந்தார். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பலும் 1984-இல் நின்றுபோயிற்று. கிழக்கே போக முடியாது, மேற்கே வரவும் முடியாது.

1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் இந்தியா நடுவராக வந்தது. இந்திரா காந்தி அம்மையார் முதலில் நரசிம்ம ராவையும், பின்னர் ஜி. பார்த்தசாரதியையும் கொழும்புக்கு அனுப்பினார். அதே காலத்தில் தமிழ் இளைஞர் இயக்கங்களுக்கு நம் மண்ணிலேயே ஆயுதப் பயிற்சியும் நடந்தது. ஒரு கையில் பேச்சுவார்த்தை, மறு கையில் துப்பாக்கி! இலங்கை அரசும் சும்மா இருக்கவில்லை. இஸ்ரேலையும் பாகிஸ்தானையும் நாடியது. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனம் அதன் அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. அந்தச் சிறு தீவின்மேல் இத்தனை பேருக்கு ஏன் அக்கறை? நிலப்படத்தை எடுத்துத் திருகோணமலையைப் பாருங்கள். எவ்வளவு பெரிய கப்பலும் ஒதுங்கி நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் அது.

1987 ஜூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களுடன் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைவர, யாழ்ப்பாணத்தின்மேல் பறந்து உணவு மூட்டைகளைப் போட்டன. ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாள் அணிவகுப்பில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்த படத்தைப் பெற்றோர் பலர் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஒப்பந்தத்தை நான் படித்துப் பார்த்தேன். தமிழர் மாகாணங்களைப் பற்றிய பகுதிகளோடு, இரு தலைவரும் மாற்றிக்கொண்ட கடிதங்களும் அதில் உண்டு. திருகோணமலையை இந்தியாவின் நலனுக்கு எதிராக எந்த நாட்டுக்கும் இராணுவப் பயனுக்குக் கொடுக்கக் கூடாது என்பதும், அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளைச் சேர்ந்து சீரமைப்பது என்பதும் அக்கடிதங்களில் இருக்கின்றன. இன்னொரு பிரிவு, இலங்கையிலுள்ள இந்தியக் குடிமக்களை இந்தியா விரைந்து அழைத்துக்கொள்ளும், அதே சமயம் தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் திருப்பி அனுப்பப்படுவர் என்கிறது. இதை அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். "இதுல நான் எந்தப் பக்கம் தாயீ?" என்று கேட்டார்.

இந்திய அமைதிப் படை வந்தபோது வவுனியாவில் மக்கள் ஆரத்தி எடுத்தார்களாம். தமிழ் பேசிய சிப்பாய் ஒருவர் அம்மாயியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பேச்சைக் கேட்டு, "நீங்க எந்த ஊரம்மா?" என்றாராம். அம்மாயி அட்டன் என்றும் சொல்லவில்லை, வவுனியா என்றும் சொல்லவில்லை. "திருமயத்துப் பக்கம்" என்றாராம், அதுவரை கண்ணாலும் காணாத ஊரை!

அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. அம்மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவரும் தாதியரும் நோயாளிகளும் இந்தியச் சிப்பாய்களின் குண்டுகளுக்கு இரையானார்கள். இந்திய வீரர்களும் ஏறத்தாழ 1,200 பேர் அந்தப் போரில் மாண்டார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். படையை வெளியேறச் சொன்னவர் ஜெயவர்த்தனாவுக்குப் பின் வந்த பிரேமதாசா. 1990 மார்ச்சில் கடைசி வீரரும் கப்பலேறியபோது, சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க மாநில முதலமைச்சர் செல்லவில்லை. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்ததை யாவரும் அறிவோம்.

படை திரும்பிய மூன்றாம் மாதமே மீண்டும் போர். அம்மாயி, எட்டு வயதான என் அம்மாவை மடியில் அழுத்திக்கொண்டு இரவில் படகேறினார். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பின் லாரியில் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். பாட்டனார் புறப்பட்ட கிராமத்துக்கும் முகாமுக்கும் பேருந்தில் போய்வரும் தூரந்தான். அங்கிருந்து போனவர் கூலி. திரும்பி வந்தவர் அகதி.

பின்னர் நார்வே வந்தது. 2002 பிப்ரவரி 23 முதல் போர் நிறுத்தம். முகாமில் சிலர் பெட்டி கட்டினார்கள், அம்மாயி கட்டவில்லை. 2009 மே மாதம் எல்லாம் முடிந்தது. இலங்கைக்குச் சீனாவும் பாகிஸ்தானும் ஆயுதம் கொடுத்தன. இந்தியா ராடார் கொடுத்தது. புலிகளின் கப்பல்களைப் பற்றிய தகவல்களை அமெரிக்கா கொடுத்தது. மே 27 அன்று ஜெனிவாவில், ஐ.நா. மனித உரிமை அவையில், இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை 29 நாடுகள் ஆதரித்தன. 12 நாடுகள் எதிர்த்தன. இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் ஒரே பக்கம் கையுயர்த்திய அரிய காட்சி அது. அப்போது எனக்கு ஒரு வயது.

எனக்கு இன்னும் குடியுரிமை இல்லை. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும். கொழும்பு ஒப்பந்தத்துக்கு 28 நாள் முந்தைய தேதி அது! 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலையக வழிவந்த முகாம்வாசிகள் சிலரின் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எங்கள் முகாமில் பலர் கை மாறி, மடிப்பு கிழிந்து போயிருக்கிறது.

தகப்பனார் கொடுத்த மனுவின் ரசீதை அம்மாயி தகரப் பெட்டியில் வைத்திருந்தார். படகில் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தது அது. எழுத்து மங்கினாலும் முத்திரை தெரிகிறது. போன மாதம் அதை ஜெராக்ஸ் எடுத்து, எங்கள் மனுவோடு இணைத்து, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். படிவங்களை நான்தான் நிரப்பினேன். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் அம்மாயிக்கு அட்டன் என்றும், அம்மாவுக்கு வவுனியா என்றும், எனக்குப் புதுக்கோட்டை என்றும் எழுதினேன்.