படுவான்கரையிலிருந்து ஒரு செலவுக் கணக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர். சூரியன் படும் கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அங்குள்ளவர்கள் பலர் துறையில் காத்திருந்து பாதையில் ஏறி வாவியைக் கடந்தார்கள். இப்போது முச்சக்கரவண்டியில் சில நிமிடப் பயணம். கடந்த வருடம் ஒரு மாலைப் பொழுதில் அந்தப் பாலத்தைக் கடந்து, நானும் ஓர் அக்காவும் கொழும்புக்குப் புறப்பட்டோம்.

அவரது பெயர் இங்கு வேண்டாம். வயது 38. மூன்று பிள்ளைகளின் தாய். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கடைகளுக்கு நாளாந்தம் 200 இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். எமது சேமிப்புக் குழுவில் ஒரு மாதமும் பணம் தவறவிடாதவர். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அவரது மார்பு தளர்ந்து போனதைக் கணவர் பகிடியாகச் சொல்லி வந்திருக்கிறார். கணவர் அதை மறந்து விட்டார். அக்காவினால் மறக்க முடியவில்லை. மார்பை உயர்த்தும் சத்திரசிகிச்சை கொழும்பில் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு என்னிடம் வந்தார்.

"எவ்வளவு முடியும் எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வருவம் மிஸ். எனக்குப் பாஷை தெரியாது, நீங்களும் வாங்க."

உண்மையைச் சொல்வதானால், அவரது மனதை மாற்றலாம் என்ற எண்ணத்துடன்தான் நான் சம்மதித்தேன். சமூகவியல் படித்த எனக்கு, பெண்ணுடலைப் பற்றிச் சமூகம் போடும் கட்டளைகள் குறித்துப் பேசுவதற்கு நிறையவே இருந்தது.

இரவு பஸ் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை என்று ஓடிக்கொண்டிருந்தது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. என் பேச்சையெல்லாம் அக்கா பொறுமையோடு கேட்டார். பின்னர், "பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கினன், வீட்டுக்குக் கூரை போட்டன். அப்ப ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கல்ல. எனக்கெண்டு ஒரு செலவு செய்ய நினைச்சா மட்டும் எல்லாரும் காரணம் கேக்கிறாங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

தம்புள்ளையைத் தாண்டும்போது அவர் சொன்ன இன்னொரு விடயம்தான் என் நித்திரையைக் கெடுத்தது. அவரது தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி. "பால் குடுக்காதடி, என்னைப் போல ஆகிடுவாய்" என்று அவளுக்குப் புத்தி சொல்லி வைத்திருக்கிறாராம்.

விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் முகம் கழுவிக்கொண்டு, ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனோம். வரவேற்பு மண்டபத்தின் குளிரில் அக்கா சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டார். நிரப்பத் தந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வைத்தியர் சிங்களத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, அக்கா என் காதுக்குள் பதில் சொன்னார்.

வைத்தியர் பணத்தைப் பற்றி முதலில் பேசவில்லை. இனியும் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா, மார்பில் கட்டியோ காம்பில் கசிவோ உண்டா, குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததா என்று விசாரித்தார். பின்னர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். மிகுதியான தோலை வெட்டி நீக்கி, உள்ளிருக்கும் மார்பக இழையத்தை மேலே தூக்கித் தைத்து, காம்பையும் உயரமான இடத்துக்கு மாற்றுவதே இந்தச் சிகிச்சை. தளர்வின் அளவைப் பொறுத்துத் தழும்பு காம்பைச் சுற்றி மட்டும் இருக்கலாம், கீழ்நோக்கி நீளலாம், மார்பின் அடிமடிப்பு வரையும் போகலாம். காம்பின் உணர்ச்சி குறையக்கூடும். இன்னொரு பிள்ளை பிறந்தால் மார்பு மீண்டும் தளரலாம், பால் கொடுப்பதும் கடினமாகலாம். வயது போகப் போக ஓரளவு தளர்வு எப்படியும் திரும்பி வரும்.

தங்கையின் விடயத்தையும் கேட்டேன். மார்பைத் தளர்த்துவது தாய்ப்பால் கொடுப்பதல்ல என்றார். அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழக வைத்தியர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடற்பருமன், இயல்பிலேயே பெரிய மார்பு, புகைத்தல் ஆகியவையே காரணங்கள் என அவர்கள் கண்டனர். பால் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இடையில் வித்தியாசம் தெரியவில்லை. இதை நான் மொழிபெயர்த்தபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் ஒரு தாதி செலவு மதிப்பீட்டுத் தாளைத் தந்தார். ஒரே ஒரு தொகை. அதை நான் இங்கு எழுதப் போவதில்லை. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பிறகு, இறக்குமதியாகும் மருந்தும் தையல் நூலும் எப்படி விலை ஏறின என்பதை நாம் அறிவோம். இன்று எழுதும் தொகை நாளை பொய்யாகி விடும். அந்தத் தொகைக்குள் என்ன அடங்குகிறது என்பதே முக்கியம். அமெரிக்காவின் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம் 2022 ஆம் ஆண்டுக்கான சராசரியாக ஏறக்குறைய 6,800 டொலர் என்று வெளியிட்டதுகூட சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணம் மட்டுமே. மயக்க மருந்தும் சத்திரசிகிச்சைக் கூடமும் அதற்குள் இல்லை.

திரும்பிப் போய்த் தாதியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். மயக்க மருந்து வைத்தியரின் கட்டணம் இதற்குள் உண்டா? முன்கூட்டிய இரத்தப் பரிசோதனை, மார்பக ஸ்கான்? ஒரு இரவுக்கு மேல் தங்க நேர்ந்தால்? வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்தும், வாரக்கணக்கில் அணிய வேண்டிய விசேட மார்புக்கச்சையும்? காயம் பழுதானால் மீண்டும் செய்வதற்கு யார் பணம் கட்டுவது? சிலவற்றுக்கு "உண்டு" என்றும், பலவற்றுக்கு "அது வேறு" என்றும் பதில் வந்தது.

பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அப்பால் கல்லின் மேல் அமர்ந்து மிகுதிக் கணக்கைப் பார்த்தோம். தையல் பார்க்க வருவதற்கும் அதன் பின்னரும் பஸ் செலவு, இருவருக்கு. விடுதி. நகையை ஈடு வைத்தால் வட்டி. நான்கு முதல் ஆறு வாரங்கள் பாரம் தூக்கக்கூடாது, கையை ஊன்றி வேலை செய்யக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

"அப்ப இடியப்ப உரல் பிழியேலாது" என்றார் அக்கா. விரலை மடித்து எண்ணினார். ஆறு வாரம் என்றால் 42 நாள். நாளுக்கு 200. மொத்தம் 8,400 இடியப்பம். "அதுக்கிடையில கடைக்காரன் வேற ஆளப் பிடிச்சிருவான் மிஸ்." மதிப்பீட்டுத் தாளில் இல்லாத அந்தத் தொகையை அவரைத் தவிர வேறு யாராலும் கணித்திருக்க முடியாது. அவரது மனதை மாற்றலாம் என்று வந்த நான், அவரது கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பி மறுநாளே அவர் தங்கையின் வீட்டுக்குப் போனார். இப்போது அந்தக் குழந்தை தாய்ப்பால்தான் குடிக்கிறது. அக்கா, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போய் மார்பைப் பரிசோதித்துக்கொண்டார். கட்டி எதுவும் இல்லை. அங்கே ஒரு சதமும் செலவாகவில்லை. சத்திரசிகிச்சை பற்றி அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்தத் தாள் அவரது சேமிப்புப் புத்தகத்துக்குள் மடித்து இருக்கிறது. கணவர் இப்போது, "உனக்கு அது தேவையில்ல" என்கிறாராம். "தேவையா இல்லையா எண்டு நான்தான் சொல்லணும்" என்று அக்கா பதில் சொன்னாராம்.

தோழிகளே, இப்படியொரு ஆசை உங்களுக்கோ உங்கள் சிநேகிதிக்கோ இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் கிளினிக்குக்குப் போங்கள். மதிப்பீட்டை ஒரே தொகையாக அல்ல, விபரமாக எழுதித் தரும்படி கேளுங்கள். அதன் பக்கத்தில், உங்கள் வேலை நாட்களின் கணக்கை நீங்களே எழுதுங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு வரும் முடிவு எதுவானாலும், அது உங்களுடையதாக இருக்கும்.