அன்னையின் காப்பு

எமது அன்னையார் மறைந்து பதினொரு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவர் கையில் ஒரு சோடிப் பொற்காப்பு இருந்தது. மார்பில் கட்டியொன்று தோன்றியதை எட்டு மாதங்கள்வரை அவர் எவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வைத்தியச் செலவிற்குக் காப்பு போய்விடும். பின்னர் எமது தங்கையின் திருமணத்திற்கு என்ன செய்வது என்று எண்ணியிருக்கின்றார். நோய் தானாகவே வெளிப்பட்டபோது வைத்தியர்கள் கைவிரித்தனர். காப்பு மட்டும் எஞ்சியது.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, பொன்னைக் கொண்டு புற்றுநோயைச் சுட்டழிக்கலாமாமே, உண்மையா?" என்று வினவினான். பௌதிகம் கற்பிக்கும் எமக்கு விடை தெரியும். ஆயினும் சற்று நேரம் வாய் திறக்க இயலவில்லை.

பொன்னின் நிறம் மஞ்சள் என்றே நாம் அறிவோம். ஆனால், மிக நுண்ணிய துணிக்கைகளாக நீரில் மிதக்கும்போது அது மாணிக்கச் சிவப்பாகத் தோன்றும். மைக்கேல் பரடே 1857இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். துணிக்கையின் அளவும் அமைப்பும் மாறினால் அது உட்கொள்ளும் ஒளியும் மாறும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நயோமி ஹாலஸ், ஜெனிபர் வெஸ்ட் ஆகிய இரு பெண்மணிகளும் அவர்தம் குழுவினரும் இவ்வியல்பைப் பயன்படுத்தினர். நுண்ணிய சிலிக்கா மணிக்கு மெல்லிய பொன்னுறை இட்டு, எலிகளின் கட்டிகளை ஒளியினால் சூடேற்றி அழித்தமையை 2003இல் அறிவித்தனர்.

இருட்டில் உள்ளங்கையின் பின்னே ரோச் விளக்கைப் பிடித்தால் செவ்வொளி மட்டும் ஊடுருவி வருமன்றோ? செந்நிறத்திற்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். குருதியில் செலுத்தப்படும் பொற்றுணிக்கைகள் கட்டியின் ஓட்டையான குருதிக் குழாய்கள் வழியே கசிந்து அங்கே தங்குகின்றன. அவ்வொளி பட்டதும் அவை கொதிப்படைந்து, அயலிலுள்ள நோய்க்கலங்களைக் கருக்குகின்றன. புரொஸ்டேட் புற்றுநோயுடைய 16 ஆடவர்களிடம் செய்த பரிசோதனையின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. சிகிச்சை நிறைவேறிய 15 பேருள் 13 பேரிடம், ஓராண்டின் பின் சுட்ட இடத்தில் புற்றுநோய் காணப்படவில்லை.

அன்று மாலை தங்கை வந்திருந்தாள். அன்னையின் காப்பு அவள் கையில் இருந்தது. இச்செய்தியைக் கூறினோம்.

"அம்மா இருந்திருந்தால் இது உதவியிருக்குமோ, அண்ணா?" என்றாள்.

"இல்லையம்மா. சிலரிடம் மட்டும் சோதித்துப் பார்த்த முறை இது. ஆனால் எட்டு மாதங்களுக்கு முன்னரே அவர் வாய் திறந்திருந்தால், நம் நாட்டு வைத்தியமே ஒருவேளை உதவியிருக்கும்."

காப்பு என்பது அணிகலனையும் குறிக்கும், பாதுகாவலையும் குறிக்கும். அன்னையார் முன்னையதைக் காத்துப் பின்னையதை இழந்தார்.

"நீ உன்னைப் பரிசோதித்துக் கொண்டாயா?" என்று கேட்டோம். முப்பத்தைந்து வயதான தங்கை தலைகுனிந்து காப்பைத் திருகிக் கொண்டிருந்தாள்.

வரும் புதன்கிழமை அவளை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல இருக்கின்றோம். இதனைப் படிக்கும் சகோதரிகளும் தம் வீட்டாரிடம் வாய் திறப்பார்களாக.