கதவுள்ள ஓர் அறை

இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவில் நாப்கின் கொடுக்கத் தொடங்கியது 2020 ஜனவரியில். லெஸ்டரில் என்னோடு வார்டில் வேலை பார்க்கும் நர்சுகள் அதைப் பெரிய புரட்சியாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. குமரி மாவட்டத்தில் எங்கள் மண்டைக்காட்டில் என் அக்கா மகள் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே ‘புதுயுகம்’ இலவச நாப்கின் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 2012இல் வந்தது. 10 வயது முதல் 19 வயதுவரை உள்ள பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. ஸ்காட்லாந்து 2020 நவம்பரில் இதற்குச் சட்டமே போட்டு, உலகத்திலேயே முதல் நாடு என்று பெயர் வாங்கிக்கொண்டது. இலவசம் என்றாலே முகம் சுளிக்கும் நம்மூர்க்காரர்கள் இந்த வருஷங்களின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சோற்றுக் கதையிலும் நாம் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாடு போடலாம் என்று பிரிட்டன் சட்டம் கொண்டுவந்தது 1906இல். சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இலேயே மதிய உணவு கொடுத்துவிட்டார்கள். பிறகு காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலைச் சிற்றுண்டி. கொடுக்கிற விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

என் குறை வேறு. இத்தனையும் வாங்கிக்கொள்கிற பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

இரும்புச் சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று, நீல நிறத்தில். நாடு முழுக்க நடக்கிறது, நல்ல திட்டம். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வே சொல்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அக்கா மகள் போனில் சொன்னது இது: “சித்தி, அதத் தின்னா வயிறு பெரட்டுது. மறுநாளு வெளிக்கி கறுப்பாட்டு போவுது. என்னமோ ஏதோன்னு பயந்து எங்க கிளாசுல பாதிப்பேரு தின்னமாட்டோம். டீச்சர் அந்தப் பக்கம் திரும்புனதும் ஜன்னலு வழியா எறிஞ்சிருவோம்.”

இரும்பு மாத்திரை தின்றால் அப்படித்தான் கறுப்பாகப் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் தின்னக் கூடாது, சோற்றுக்குப் பிறகு தின்ன வேண்டும். தின்ற கையோடு சாயா குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. “நாரங்கா வெள்ளம் குடி மக்களே, சாயாவ ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடி” என்றேன். “இத ஏன் ஒருத்தரும் எங்ககிட்ட சொல்லல?” என்றாள். ஐந்து நிமிஷப் பேச்சு. அதைப் பேச ஆள் இல்லாமல் அரசாங்கத்துக் காசு ஜன்னலுக்கு வெளியே கிடக்கிறது.

நான் படித்த காலத்திலும் இப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் வருவார். வராந்தாவில் வரிசை. கண்ணை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், ‘அடுத்தது’ என்பார். பின்னால் நாற்பது பேர் நிற்கையில் வெள்ளைபடுகிறது என்று எந்தப் பிள்ளை வாயைத் திறப்பாள்? வீட்டிலும் வித்தியாசமில்லை. நான் சமைந்தபோது உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொடுத்து உடம்பைத் தேற்றினார்கள், குறையே சொல்ல முடியாது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. கோயிலின் மாசிக் கொடைக்கு இருமுடி கட்டிக்கொண்டு பெண்கள் சாரிசாரியாக வருகிற ஊர், பெண்களின் சபரிமலை என்று பெயரெடுத்த ஊர். அங்கே இன்றும் கடையில் நாப்கின் கேட்டால் நியூஸ்பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத்தான் தருகிறார்கள்.

இங்கே என் மகள் எட்டாம் ஆண்டு படிக்கும்போது பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசிக்குப் பெற்றோர் சம்மதம் கேட்டு. இங்கிலாந்தில் பெண்பிள்ளைகளுக்கு 2008 முதலும் ஆண்பிள்ளைகளுக்கு 2019 முதலும் பள்ளியிலேயே போடுகிறார்கள். 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் அந்தப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்திருக்கிறது என்று 2021இல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது. (தமிழக அரசும் 14 வயதுச் சிறுமிகளுக்கு இதைப் போட 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று வார்டில் எல்லோருக்கும் முந்திரிக்கொத்து கொடுத்தேன்.)

கையெழுத்துப் போடுமுன் விசாரித்தேன். அப்போது தெரிந்துகொண்டதுதான் என்னை உலுக்கியது. பெற்றோர் கையெழுத்து வராமல் போனாலும், பிள்ளைக்கு விஷயம் நன்றாக விளங்கியிருக்கிறது என்று நர்சுக்கு உறுதியானால் பிள்ளையின் சம்மதத்தை வைத்தே ஊசி போடலாமாம். விக்டோரியா கில்லிக் என்று ஒரு தாய் இருந்தார். 16 வயதுக்குக் கீழே உள்ள தன் பெண்களுக்குத் தனக்குத் தெரியாமல் டாக்டர்கள் கருத்தடை ஆலோசனை சொல்லக் கூடாது என்று வழக்குப் போட்டார். பிரபுக்கள் சபைவரை போய் 1985இல் தோற்றார். இன்று அவர் பெயரிலேயே அந்த விதி வழங்குகிறது: விளங்கிக்கொள்ளும் பக்குவம் இருந்தால் பிள்ளையின் சொல்லுக்கும் மதிப்பு உண்டு.

முதலில் எனக்குக் கோபம்தான். பெற்றவளுக்குத் தெரியாமல் இதென்ன நியாயம்! ஊரில் சொன்னால் “அதாம் வெள்ளக்காரன் நாட்டுல பிள்ளியளு கெட்டுப்போவுது” என்பார்கள். அக்கா அப்படியே சொன்னாள். ஆனால் ஸ்கூல் நர்சோடு பேசிப் பார்த்தபிறகு என் எண்ணம் மாறியது. அவருக்கென்று சின்ன அறை. கதவை மூடலாம். பிள்ளை சொல்வது வெளியே போகாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும், அதையும் முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார். நேரில் வரக் கூச்சப்பட்டால் போனில் செய்தி அனுப்பிக் கேட்கலாம். ‘சாட்ஹெல்த்’ என்ற அந்தச் சேவை தொடங்கியது எங்கள் லெஸ்டர்ஷயரில்தான். என் மகள் அந்த அறைக்கு எதற்குப் போனாள், என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் அவளாகவே வந்து மாதவிலக்கு வலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். என்னிடம் வந்து சொல்லலாம் என்று யாரோ அவளுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2009இலிருந்து இங்கிலாந்தில் ஸ்கூல் நர்சுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார்கள். ஒரே நர்ஸ் பல பள்ளிக்கு ஓடுகிறார். மனச்சோர்வு என்று போனால் மனநல சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தூக்கி எறியும் வேப் குழல்களை 2025 ஜூனில்தான் தடை செய்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பழகியாயிற்று.

வேப் என்றதும் நம்மூர்ப் பையன்கள் ஞாபகம் வருகிறது. வளரிளம் பருவ நலம் என்றால் நம் ஆட்களுக்குப் பெண்பிள்ளைகள் மட்டும்தான் நினைவுக்கு வருவார்கள். பையனுக்கு நீல மாத்திரையும் பிரம்பும். ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கடியில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களைப் பற்றி 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டது. பிடிபட்டால் அடி, அப்பாவைக் கூட்டிவா, மிஞ்சினால் டிசி. எத்தனை நாளாக வைக்கிறாய், விட முடியவில்லையா, வீட்டில் என்ன பிரச்சினை என்று உட்கார்த்தி வைத்துக் கேட்க அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா கடலுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் வளைகுடாவில் இருப்பார்.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவ நலத்திட்டத்தில் ஊட்டச்சத்து, மனநலம், போதை, வன்முறை எல்லாமே உண்டு, ஆண்பிள்ளைகளும் உண்டு. ஆஸ்பத்திரிகளில் இவர்களுக்கென்று தனி ஆலோசனை மையமும் வைக்கச் சொல்லியிருக்கிறது. 2020இல் வந்த பள்ளி நலவாழ்வுத் திட்டம் பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியையைத் தூதுவர்களாக்கியது. ஆனால் கணக்குப் பரீட்சையில் மார்க் போடுகிற அதே டீச்சரிடம் எந்தப் பிள்ளை மனசு திறக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அங்கே ஓ.பி. சீட்டு வரிசையிலேயே பக்கத்து வீட்டு மாமி நிற்பார். “என்ன மக்களே, எதுக்கு வந்த?” என்று சத்தமாகக் கேட்பார். நம் ஊரில் ரகசியம் காப்பதற்கு இடமே இல்லை; அன்பாலேயே எல்லோரும் எல்லாவற்றையும் விசாரித்துவிடுகிறார்கள்.

ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. மண்டைக்காட்டுக்குப் பக்கத்து நெய்யூரில் 1838இலேயே மிஷன் மருத்துவம் வந்துவிட்டது. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர், ஊர் திரும்பி லண்டனில் பெரிய பதவியில் உட்காராமல் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து பல்லாண்டு காலம் கத்தி பிடித்தார். இன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் அவருடைய நாட்டு ஆஸ்பத்திரிகளில் நர்சுகளாக நிற்கிறோம். நர்சிங் படித்த பிள்ளைகளுக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. வேலை கிடைக்காமல் விசாவுக்குக் காத்திருக்கிறவர்களும் ஏராளம்.

எனவே ஊரில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தானே அதிகம்? அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: வாரத்தில் ஒரு நாள், கிராம சுகாதாரச் செவிலியரோ பயிற்சி பெற்ற வேறு நர்சோ உங்கள் பள்ளியில் வந்து உட்கார வேண்டும். பையன்களும் போகலாம் என்று பிரேயரில் சொல்ல வேண்டும். உட்கார ஓர் அறை, அதற்கு ஒரு கதவு. அறை கிடையாது என்று தலைமையாசிரியர் சொன்னால், உடைந்த பெஞ்சுகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களே, அந்த அறையைக் காட்டுங்கள்.