ஓசூருக்குச் சென்ற சாவி



எவரும் பயன்படுத்தாத, ஆயினும் தூக்கி எறிய எவருக்கும் மனம் வராத பொருள் ஒன்று உங்கள் இல்லத்திலும் இருக்கும். பாட்டனாரின் கைக்கடிகாரமாகவோ, பாட்டியாரின் தையல் இயந்திரமாகவோ அது இருக்கலாம். கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் இல்லத்தில் அது ஒரு மோட்டார் சைக்கிள். மறைந்த என் அத்தா 1986ஆம் ஆண்டில் வாங்கிய இண்ட்-சுசுகி வண்டி. மாம்பழப் பருவத்தில் விடியுமுன்பே அவர் மண்டிக்குப் புறப்படுவார். வாசற்கதவின் அருகே ஆணியில் தொங்கும் சாவியை அவர் எடுக்கின்ற ஓசையில்தான் நாங்கள் கண் விழிப்போம்.

அந்தச் சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் பழுதுபட்டதையும், அதனைச் சீர்செய்ய நான் மேற்கொண்ட சிறு பயணத்தையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இருளில் நின்ற வண்டி

ஓர் இரவு கிருஷ்ணகிரி அணையிலிருந்து என் மனைவியுடனும் சிறு மகளுடனும் அவ்வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலைப் பள்ளம் ஒன்றில் சக்கரம் இறங்கிய கணத்தில் எஞ்சின் நின்றது. அத்துடன் முன்விளக்கும் அணைந்தது. பின்னால் சரக்கு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. வண்டியைச் சாலையோர மண்ணுக்குத் திருப்பியதுதான் தெரியும்; லாரி எங்களைக் கடந்து சென்றது. இறைவன் காத்தான். மகளின் அழுகை ஓய வெகுநேரமாயிற்று.

மறுநாள் அழைத்த ஒரு பணியாளர், சுவிட்சின் கம்பிகளை வெட்டி, அவற்றைச் சிறியதொரு தட்டுச் சுவிட்சில் முறுக்கி வைத்துவிட்டார். "இனிச் சாவியே தேவையில்லை" என்றார். சாவி இல்லாமல் எவரும் ஓட்டிச் செல்லக்கூடிய வண்டியை வாசலில் நிறுத்துவது எங்ஙனம்? தவிர, பதிவுப் புதுப்பிப்புக் காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்த உபயோக வாகனத்தின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். விளக்கும் ஒலிப்பானும் ஒழுங்காக இயங்காத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த இயலாது.

"விற்றுவிடலாமா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஆணியிலிருந்த சாவியை எடுத்து, முந்தானையால் துடைத்து, மீண்டும் அதே இடத்தில் மாட்டினார். எனக்கு அது போதுமானதாயிருந்தது.

பிறந்த ஊரைத் தேடி

சுவிட்சைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சாவியுடன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓசூர்ப் பேருந்தில் ஏறினேன். ஏன் ஓசூர்? அந்த வண்டி பிறந்த ஊர் அதுதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 44இல் செல்கின்ற பேருந்து, குருபரப்பள்ளி, சூளகிரி என மேடேறிக்கொண்டே போகும். பாறைக்குன்றுகளும் மாந்தோப்புகளும் பின்தங்க, காற்றில் குளிர்ச்சி கூடும். வழியெங்கும் லாரிகள். அவற்றின் முதுகில் உதிரிப்பாகங்கள், இரும்புச் சுருள்கள், புத்தம்புதிய இருசக்கர வாகனங்கள்.

கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புதிய ஊர் என்று பொருள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கின்ற எல்லைப்புறம் இது. 1970களில் இங்கே சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும், டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்தன. அதே பத்தாண்டில் டைட்டன் கைக்கடிகாரங்களும் இங்கு உருவாகத் தொடங்கின. 1984இல், ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் டிவிஎஸ் குழுமம் கூட்டுச் சேர்ந்து தயாரித்த 100 சிசி இண்ட்-சுசுகி வெளிவந்தது. ஜப்பானியக் கூட்டில் இந்தியாவில் உருவான 100 சிசி மோட்டார் சைக்கிள்களில் அதுவே முதலாவது. ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவை அடுத்த ஆண்டில்தான் வந்தன. அந்தக் கூட்டு 2001இல் முடிவுற்றது. காலம் அந்த வண்டியைக் கடந்து போய்விட்டது.

கடந்து போய்விட்டது என்பதை ஓசூர்க் கடைவீதியில் நேரில் கண்டேன். நான்கு உதிரிப்பாகக் கடைகளில் கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். இரு கடைகளில் இருந்த இளைஞர்கள் அப்பெயரையே கேள்விப்பட்டதில்லை. அவர்களைக் குறை கூற முடியாது. ஓசூரிலும், இதே மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் இன்று மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. கைப்பேசியைத் தொட்டு வண்டியைத் திறக்கின்ற காலம் இது. நாற்பதாண்டுப் பழைய சுவிட்சுக்கு அங்கே யார் இடம் ஒதுக்குவார்கள்?

எல்லைக்கு அப்பால்

"பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள்" என்றார் ஒரு கடைக்காரர். ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அங்கிருந்து நெரிசலில் ஊர்ந்து பெங்களூருவை அடைந்தேன். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான்; நேரமோ இரண்டு மணி ஆயிற்று. ஜே.சி. சாலையில் மோட்டார் உதிரிப்பாகங்கள் கிடைக்காத கடையைத் தேடித்தான் காணவேண்டும். ஆறாவது கடையில் தூசு படிந்த அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே எங்கள் வண்டிக்குரிய சுவிட்சின் நகல். மகிழ்ச்சியுடன் பணம் கொடுத்தேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. புதிய சுவிட்சுக்குப் புதிய சாவி. அப்படியாயின் ஆணியில் தொங்க வேண்டிய சாவி எது? தகரம் போன்று மெலிந்திருந்த அந்தப் புதிய சாவியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஓசூர் வந்து சேர்ந்தேன்.

கெட்டது எது?

பேருந்து நிலையத்திற்குச் சற்றுத் தொலைவில், சந்து ஒன்றில், வாகன மின்வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே சென்றேன். பெஞ்சு ஒன்று, பற்றவைக்கும் கோல் ஒன்று, டப்பாக்களில் திருகாணிகள்; கடை அவ்வளவே. இரண்டு சுவிட்சுகளையும் அவர் முன் வைத்தேன்.

"பாய், பழைய சாவியே வேலை செய்யணும். முடியுமா?"

பழைய சுவிட்சில் சாவியைப் போட்டு, காதருகே வைத்துத் திருப்பினார். "தம்பி, பூட்டு நல்லாத்தான் இருக்கு. கெட்டது பூட்டு இல்லே, அடித்தட்டு" என்றார்.

வாசகர்களே, நாமெல்லாம் ஒரே பொருள் என்று எண்ணுகின்ற இக்னிஷன் சுவிட்ச் உண்மையில் இரண்டு பொருள்கள். மேலே இருப்பது பூட்டு. அதனுள் மெல்லிய பித்தளைத் தகடுகள் சிறு சுருள்வில்களின் மீது நிற்கின்றன. உரிய சாவி நுழைந்தால் அவை ஒரே மட்டத்திற்கு வந்து உருளை சுழல வழிவிடும். கீழே இருப்பது மின்தொடர்பு. பூட்டு சுழலும்போது ஒரு செப்புத் துண்டு, தட்டிலுள்ள முனைகளை இணைக்கும் அல்லது பிரிக்கும். நடுவே ஒரு சிறு எஃகு உருண்டையும் வில்லும் இருக்கின்றன. 'க்ளிக்' என்று சாவி தன் இடத்தில் நிற்பது அவற்றால்தான்.

இன்னொரு செய்தியும் அவர் சொன்னார். பழைய புல்லட், எஸ்டி போன்ற பேட்டரி வகை வண்டிகளில், சாவியை மூடினால் மின்சாரம் அறுபடும். மேக்னெட்டோ வகை வண்டிகளிலோ நேர்மாறு: சாவியை மூடும்போதுதான் இரண்டு கம்பிகள் இணைந்து, பொறிக்கான மின்சாரத்தை வண்டியின் உடலுக்குள் இறக்கிவிடுகின்றன. எங்கள் வண்டி இரண்டாம் வகை. தேய்ந்த செப்புத் துண்டு பள்ளத்தில் அதிர்ந்து 'மூடிய' முனையைத் தொட்டதுதான் அன்றிரவு நிகழ்ந்தது. எஞ்சின் நின்றதால் அதன் மின்சாரத்தில் எரிந்த விளக்கும் அணைந்தது.

ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு அவர் அடித்தட்டைக் கழற்றினார். "உருண்டை பறந்துட்டா, அப்புறம் ஓசூர் முழுக்கத் தேடணும்" என்று சிரித்தார். தட்டின் ஓரம் சூட்டில் உருகியிருந்தது. செப்பு கறுத்துத் தேய்ந்திருந்தது. பின்னர் புதிய சுவிட்சையும் அவ்வாறே பிரித்தார். அதன் அடித்தட்டைப் பழைய பூட்டின் கீழ் வைத்து, அரத்தால் ஓரிடத்தில் தேய்த்துப் பொருத்தினார். அத்தாவின் பூட்டும் சாவியும் மேலே, ஜே.சி. ரோட்டுச் செப்பு கீழே!

பூட்டைப் பெட்ரோலில் கழுவி, காய்ந்தபின் பென்சில் கரியைத் தூளாக்கி உள்ளே தட்டினார். எண்ணெய் விட்டால் தூசு ஒட்டிப் பூட்டு இறுகிவிடுமாம். செப்பு முனைகளில் மட்டும் சிறிது வாசலின். மீட்டரை வைத்து, மூடிய நிலையில் எந்த நிறக் கம்பிகள் இணைகின்றன, திறந்த நிலையில் எவை இணைகின்றன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். அஸருக்குப் பாங்கொலி கேட்டதும் எழுந்தவர், "பேட்டரி வயரைக் கடைசியாத்தான் மாட்டணும், மறந்துடாதீங்க" என்றார். கூலி 150 ரூபாய். கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

மீண்டும் அந்த ஓசை

மறுநாள் காலை முற்றத்தில் அமர்ந்தேன். முறுக்கி வைத்த கம்பிகளைப் பிரித்து, தாளில் எழுதியபடி நிறத்துக்கு நிறம் இணைத்து, ஈயம் பற்றவைத்து, உறையிட்டேன். சுவிட்சைப் பொருத்தி, கைப்பிடியை இருபுறமும் முழுக்கத் திருப்பி, எக்கம்பியும் இழுபடவில்லை என்று உறுதிசெய்தேன். இறுதியில் பேட்டரியை இணைத்தேன்.

மூன்றாம் உதையில் வண்டி உயிர்பெற்றது. ஒலிப்பான், முன்விளக்கு, பின்விளக்கு யாவும் இயங்கின. சாவியைத் திருப்பினேன், எஞ்சின் அடங்கியது. நிமிர்ந்தபோது அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். "இன்னொரு தடவை போடு" என்றார். அவர் கேட்டது எஞ்சினின் ஓசையையா, சாவியின் ஓசையையா என்று நான் வினவவில்லை.

பெற்றோர் விட்டுச் சென்ற வாகனம் உங்களிடம் இருந்தால் இன்னொன்றையும் மறவாதீர்கள். உரிமையாளர் மறைந்த மூன்று மாதத்திற்குள் படிவம் 31இன் மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நினைவாக வைத்திருப்பதாயினும் முறையாக வைத்திருப்பதே அழகு.

அந்த வண்டியை உருவாக்கிய நகரில் அதற்கான உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. ஆனால் அதே நகரின் ஒரு சந்தில், 'முழுவதையும் மாற்று' என்று சொல்லாமல், 'எது கெட்டது?' என்று கேட்கத் தெரிந்த ஒரு மனிதர் கிடைத்தார். பொருளோ உறவோ, எதையும் வீசி எறியும் முன்னர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பூட்டு நன்றாகத்தான் இருக்கும். தேய்ந்திருப்பது அடியிலுள்ள சிறு செப்புத் துண்டாகவே இருக்கும்.

சாவி இப்போது தன் ஆணியில் தொங்குகின்றது.